இடப்பக்கம் திரும்பிய தவளைகள்

தவளை அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு எழுதுவது. நான்கு பேரில் இரண்டு பேர் டில்லியிலேயே பிறந்தவர்கள், தமிழ் பேச வரும், படிக்க வராது என்று கேள்விப்பட்டேன். ஊரிலிருந்து வந்த இருவரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவும். நான் படித்ததே ஐந்தாம் வகுப்பு வரைதான். அதனால் கடினமான சொல் எதுவும் வராது.

வேலையில் சேர்ந்த அன்றே உங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். தொட்டியை எப்போது கழுவுவது, கரப்பான் பூச்சியை எப்போது போடுவது, எந்தப் பேராசிரியருக்கு டீயில் சர்க்கரை கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது நான் செய்த தவறு. துறையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொல்லும் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான இடத்தில் கதையை முடித்துக்கொள்கிறார்கள். ஆகவே முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கூச்சக்காரன். இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, முழங்கால் ஒத்துழைக்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனவன். அத்தனை வருடத்தில் கூட்டம் நடக்கும் அறைக்குள் நான் வாய் திறந்தது இரண்டே முறை. ஒன்று, ஃபேனை நிறுத்தட்டுமா என்று கேட்டது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கூச்சத்துக்கு எல்லோரும் அடக்கம் என்று பெயர் வைத்தார்கள். என்னைப் பற்றிய வருடாந்திர அறிக்கையில் ‘அமைதியானவர், நம்பத் தகுந்தவர்’ என்று எழுதினார்கள். வாயைத் திறக்காதவனைப் பற்றி மேலதிகாரிக்கு வேறென்ன எழுதத் தெரியும்?

முதலில் நான் மீன் அறையில் இருந்தேன். மீனும் பேசாது, நானும் பேசமாட்டேன், வருடங்கள் சுகமாக ஓடின. மீன் ஆராய்ச்சி செய்த அம்மா ஓய்வு பெற்றதும் என்னைத் தவளை அறைக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாமே சத்தம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தவளைக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே தெரிகிறது, தவளைக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அது அத்தனை எளிதில்லை என்று பிறகு புரிந்தது. நம் தலை பெரியது. ஒரு பக்கத்திலிருந்து வரும் சத்தம் ஒரு காதில் முந்தி விழும், மறு காதில் பிந்தி விழும். தவளையின் தலை எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விழும். அப்படியும் மழை பெய்த குட்டையில் நூறு ஆண் தவளைகள் சேர்ந்து கத்தும்போது, பெண் தவளை தனக்குப் பிடித்தவனிடம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலங்களில் அவ்வளவு துல்லியம் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பேராசிரியர் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த தமிழர். மூன்று மொழியிலும் பாதிப் பாதி பேசுவார். நான் தவளை அறைக்குப் போன புதிதில் ஒரு பெண் தவளை ஸ்பீக்கரை விட்டுவிட்டு இரும்பு பீரோவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் பீரோவில் பட்டுத் திரும்பி வருவதாக எனக்குத் தோன்றியது. தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சொன்னேன்.

“சின்னசாமி, நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?” என்று கேட்டார்.

“அஞ்சாவதுங்க.”

“அச்சா. நான் கொஞ்சம் கூடப் படிச்சிருக்கேன். நான் பாத்துக்கறேன்.”

அறையில் இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்த பீரோவை அவரே வெளியே தூக்கச் சொன்னார். சுவரெங்கும் பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றை ஒட்ட வைத்தார். சத்தம் எதிரொலிக்கிறதாம். தூக்கியவன் நான்தான். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி பீரோவைத் தூக்குவது மட்டும் என் வேலை. பிள்ளைகளே, அது புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த அறையில் ஆராய்ச்சி செய்தவள் வித்யா. ஜனக்புரிப் பெண், அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் வயதுதான் இருக்கும். அவள் என்னை அங்கிள் என்பாள், நான் அவளை மேடம் என்பேன். அவளுக்கு அது ஐந்தாவது வருடம். உதவித்தொகை நின்றுவிட்டது. அந்த மழைக்காலத்துக்குள் சோதனையை முடித்து, கமிட்டி முன்னால் காட்டி, அவர்கள் சரி என்றால்தான் பட்டத்துக்கான புத்தகத்தை எழுத முடியும். தவறினால் வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்று அவள் அப்பா விண்ணப்பம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்தச் சோதனையை நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. மழை பெய்ய வேண்டும், பெண் தவளையின் வயிற்றில் முட்டை இருக்க வேண்டும். அப்போதுதான் அது ஆணின் குரலைத் தேடிப் போகும். டில்லியில் மழை எத்தனை நாள் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

சோதனை இப்படி நடக்கும். வட்டமான தரை, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மங்கலான சிவப்பு விளக்கு. நடுவில் பெண் தவளையை ஒரு கிண்ணத்தால் மூடி வைப்பேன். ஒரு ஸ்பீக்கரில் ஆண் தவளையின் குரல் வரும். வெளியிலிருந்து கயிற்றை இழுத்துக் கிண்ணத்தைத் தூக்குவேன். மேலே இருக்கும் கேமரா வழியாக வித்யா பக்கத்து அறையில் லேப்டாப்பில் பார்ப்பாள். எல்லாம் சொறித்தவளைகள். அவற்றின் தோலில் ஊறும் பால் பட்டால் வித்யாவுக்குக் கை தடித்துவிடும். அதனால் பிடிப்பது, தூக்குவது எல்லாம் நான்தான். பேராசிரியர் தவளையைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் தவளையைப் பற்றிப் பேசுவார்.

எந்தத் தவளை எது என்று தெரிய அடையாளம் வேண்டும். பழைய முறை, கால்விரல் நுனியை வெட்டுவது. வித்யா அதற்கு ஒப்பவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. மை தடவிப் பார்த்தோம், தண்ணீரில் போய்விட்டது. இடுப்பில் நூல் கட்டினோம், உருவிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் மனைவி சரோஜினி நகர் சந்தையில் வாங்கி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு என்று அட்டை அட்டையாக இருந்தது. சொறித்தவளையின் உடம்பெல்லாம் பரு, எங்கும் ஒட்டாது. கண்ணுக்குப் பின்னால் மட்டும் வழுவழுவென்று வட்டமாக ஓர் இடம் இருந்தது. கடவுளே பொட்டு வைக்க இடம் விட்டு அனுப்பிய மாதிரி அளவும் பொருந்தியது. தோலை ஒட்டுவதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பசையில் ஒரு துளி போட்டேன், பிடித்துக்கொண்டது. நான் வலக்கைக்காரன். தவளையை இடக்கையில் பிடித்தால் அதன் வலப்பக்கம்தான் எனக்கு வாகாக வரும். எல்லாத் தவளைக்கும் வலப்பக்கமே ஒட்டினேன்.

வித்யா தொட்டியை எட்டிப் பார்த்தாள். “அங்கிள், ஸோ க்யூட். எல்லாரும் ரிசப்ஷனுக்குப் போற மாதிரி இருக்காங்க.”

பேராசிரியரும் பார்த்தார். தட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு கூட்டத்தில் அந்தப் பொட்டுத் தவளையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, வலியில்லாமல் அடையாளம் இட எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்த புதிய முறை என்றார். கீழே அவர் பெயர் இருந்தது. என் மனைவிக்குச் சேர வேண்டிய புகழ் அது. அவள் கேட்கவில்லை.

மழை வந்தது, சோதனை தொடங்கியது. ஸ்பீக்கர் நேரே இருந்தாலும் தவளை இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் திரும்பியது. நாலு எட்டு தாவும், நிற்கும், தலையைத் திருப்பும், மறுபடி இடப்பக்கமே தாவும். சில தவளைகள் கோயிலைச் சுற்றுவது போல் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. முதல் நாள் வித்யா ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டாம் நாள் வயரை மாற்றினாள். ஒரு வாரத்தில் முகம் வாடிவிட்டது.

பேராசிரியர் முகம் மலர்ந்தது. “வித்யா, ரோனா மத், அழாத. இது பெரிய விஷயம். இதுங்க டில்லித் தவளை. பொறந்ததுலேருந்து ஹாரன் சத்தம். டைரக்‌ஷன் கண்டுபிடிக்கற சக்தியே போயிருச்சு. புரியுதா?”

“ஆனா சார், எல்லாமே ஏன் லெஃப்ட்ல போகுது?”

அவர் ஒரு நிமிடம்தான் யோசித்தார். “ரோடு வலப்பக்கம் இருந்திருக்கும். அந்தக் காது டேமேஜ்.”

அந்தத் தவளைகளை நான் நாலு பூங்காவில் பிடித்தேன். ஒவ்வொரு பூங்காவுக்கும் ரோடு ஒவ்வொரு பக்கம். மேலும், ரோட்டுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டி உட்கார வேண்டும் என்று தவளைகள் சங்கம் கூட்டி முடிவு செய்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பீரோ ஞாபகம் இருந்தது. அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த படா பாபு மட்டும், “பல்கலைக்கழகத்துத் தவளை ஆயிற்றே ஸ்வாமிஜி, இடதுசாரியாகத்தான் இருக்கும்” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். சின்னசாமி என்பது அவர் வாயில் நுழையாது. அவர் எனக்குக் கொடுத்த சன்னியாசம் அது.

கமிட்டிக்கு எட்டு நாள் இருந்தது. பச்சைப் பொட்டுத் தவளை தோல் உரித்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பார்க்க வேண்டிய காட்சி. பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது போல இரண்டு கையாலும் தோலை இழுத்து, இழுத்ததை வாய்க்குள் தள்ளித் தின்றுவிடும். பொட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அதை அப்படியே கிண்ணத்துக்கடியில் வைத்தேன். கயிற்றை இழுத்தேன். ரயில் தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராக ஸ்பீக்கருக்குப் போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

பக்கத்து அறையிலிருந்து வித்யா கேட்டாள். “அங்கிள், பச்சை ஏன் இப்படிப் பண்ணுது?”

“பொட்டு விழுந்துடுச்சுங்க.”

“பரவால்ல, பச்சைதான்னு உங்களுக்குத் தெரியும்ல?”

மாலையில் அந்தப் பதிவைப் பேராசிரியரிடம் காட்டினாள். “ஒண்ணே ஒண்ணுதானே? கூட்டத்துல சேராதது. தூக்கிடு” என்றார். அந்த அறையில் ஒழுங்காகக் காது கேட்ட ஒரே ஜீவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அவர்கள் போன பிறகு மஞ்சள் பொட்டுத் தவளையை எடுத்தேன். ஈரப் பஞ்சால் மெதுவாகப் பொட்டை எடுத்தேன். ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்க எனக்குத் தெரியும். தவளை நேராகப் போனது. பொட்டை இடப்பக்கம் ஒட்டினேன், வலப்பக்கம் திரும்பியது. எடுத்தேன், நேராகப் போனது. எனக்கு ஒருமுறை காதில் சீழ் பிடித்துப் பஞ்சு வைத்திருந்தேன். அப்போது பின்னால் வந்த பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றது நினைவுக்கு வந்தது. தவளையைத் தூக்கி அந்த வழுவழுப்பான வட்டத்தைப் பார்த்தேன். காது என்றால் மடல் இருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். நான் பொட்டு வைத்தது காதில்.

இனிமேல்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. அதுவரை நான் செய்தது தெரியாமல் செய்த தவறு. அதற்கு நான் வெட்கப்படுகிறேன், அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று நாள் நான் செய்தது தெரிந்து செய்தது.

மறுநாள் காலை துடைப்பத்தோடு வித்யாவின் அறை வாசலில் போய் நின்றேன்.

“என்ன அங்கிள்?”

“குப்பைங்க” என்றேன். பெருக்கினேன். வெளியே வந்துவிட்டேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் படா பாபுவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சுப் ரஹோ ஸ்வாமிஜி. பேராசிரியர் படத்தில் யார் பெயர் இருக்கிறது?” என்று கேட்டார்.

“அவர் பெயர்.”

“இது தப்பு என்று தெரிந்தால் யார் பெயர் வரும்?”

“என் பெயர்” என்றேன். “அப்படியானால் வாயை மூடு” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்றும் மழை. தொட்டியில் இருந்த பெண் தவளைகள் எல்லாம் வயிறு நிறைய முட்டையோடு தயாராக இருந்தன.

மூன்றாம் நாள் நேரே பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் யாரோ பத்திரிகைக்காரருக்குப் போனில், டில்லியின் இரைச்சல் தவளைகளின் வாழ்வைக் குலைத்துவிட்டது என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு டீ கொண்டுவந்தேன். அன்றும் மழை.

நான்காம் நாள் வெயில் வந்தது. நடைவழியில் வித்யா தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “பேங்க் ஃபார்ம கிழிச்சுப் போட்டுடுங்கப்பா. நிஜமாத்தான். நல்லா வந்துடுச்சு.” ஐந்து வருடத்தில் அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

“மேடம், பொட்டு” என்றேன்.

“தீந்துடுச்சா? நான் வாங்கிட்டு வரேன்.”

“இல்லைங்க. பொட்டுதாங்க காரணம்.”

“எதுக்கு அங்கிள்?”

“எல்லாத்துக்குங்க.”

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே கூட்டிப்போய் நீலப் பொட்டுத் தவளையை வைத்தேன். இடப்பக்கம் போனது. பொட்டை எடுத்துவிட்டு வைத்தேன். நேராகப் போனது. வித்யா லேப்டாப்பை விட்டு எழுந்து உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்து, கையுறை இல்லாமலே தவளையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“நான் தினம் இதப் பாத்தேன்” என்றாள். “க்யூட்னு நெனச்சேன். அவ்ளோதான் நெனச்சேன்.”

பிறகு எனக்கு விளக்கினாள், எனக்காக இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வது போல. நம் காது இரண்டும் தனித்தனி. தவளையின் இரண்டு காதும் உள்ளே வாய் வழியாக ஒன்று. ஒரே அறைக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல், இரண்டிலும் திரை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து, மறு ஜன்னலின் திரையை உள்ளேயிருந்தும் தள்ளும், வெளியேயிருந்தும் தள்ளும். இரண்டு தள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் தவளை திசையை அறிகிறது. சின்னத் தலைக்கு இயற்கை செய்து கொடுத்த ஏற்பாடு. ஒரு ஜன்னலைப் பலகை வைத்து அடித்துவிட்டால் ஏற்பாடே போச்சு, எங்கிருந்து சத்தம் வந்தாலும் திறந்த பக்கமே கேட்கும். ஐந்து நிறத்தில் பலகை அடித்தவன் நான்.

“எப்பத் தெரிஞ்சுது அங்கிள்?”

இப்போதுதான் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. படா பாபு சொல்ல மாட்டார்.

“மூணு நாள் ஆச்சுங்க.”

அவள் திறந்த கதவு வழியே வெளியே பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்தது. “மூணு நாளும் மழ பேஞ்சுதே” என்றாள். அந்த மூன்று நாளில் பொட்டில்லாமல் தவளைகளை இருபது தடவையாவது ஓட விட்டிருக்கலாம். இப்போது நீலத்தைத் தவிர, தொட்டியில் இருந்த மற்ற தவளைகள் முட்டையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தன. அதற்குப் பிறகு அந்த வருடம் மழை வரவில்லை.

பேராசிரியரிடம் இருவரும் போனோம். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பெரிய மனிதர்கள் அவ்வளவு எளிதில் கோபப்படுவதில்லை.

“குட்” என்றார். “வேணும்னேதான் அடைச்சோம். ஒரு காத அடைச்சா என்ன ஆகும்னு பாத்தோம். அவ்வளவுதான் வித்யா.”

“சார், லெஃப்ட் காது ஒண்ணுகூட அடைக்கல. அடைக்காத தவளயும் இல்ல.”

“பச்ச இருக்கே.”

“அத நீங்க தூக்கச் சொன்னீங்க.”

“திரும்ப எடுத்து வை.” என் பக்கம் திரும்பினார். “சின்னசாமி, உன்ன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நீ டீயப் பாத்துக்கோ.”

நடைவழியில் வித்யா என்னைப் பார்க்காமல் சொன்னாள். “இன்னொரு வருஷம் எங்கிட்ட இல்ல அங்கிள்.”

நான்கு நாள் கழித்துக் கமிட்டி கூடியது. வெளியூரிலிருந்து ஒரு நரைத்த அம்மா வந்திருந்தார். கை விரல்களைப் பார்த்ததும் தெரிந்தது, தவளை பிடித்துப் பழகிய கை. வித்யா திரையில் பொட்டுத் தவளையைக் காட்டினாள். வலக்காதை வேண்டுமென்றே அடைத்ததாகச் சொன்னாள். குரல் தட்டையாக இருந்தது. பேராசிரியர் தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த அம்மா இந்தியில் கேட்டார். “காதை அடைப்பதற்கு எதற்கம்மா ஐந்து நிறம்?”

பேராசிரியர் தன் காகிதங்களைப் புரட்டினார்.

“ஒட்டியது யார்?”

“எங்கள் அட்டெண்டர்” என்றார் பேராசிரியர். “அவருக்கு இதெல்லாம் விளக்கத் தெரியாது.”

நான் டீத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “அண்ணா, எதற்காக ஒட்டினீர்கள்?”

பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் வரும்போது உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது. என் கையில் பன்னிரண்டு கப். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் என் மிச்ச வேலைக் காலம் முழுவதும் தெரிந்தது. வித்யா என்னைப் பார்க்கவே இல்லை, திரையைப் பார்த்தாள். நான் ஆமாம் வேண்டுமென்றேதான் என்றால் அவள் அன்றைக்கே தப்பித்துவிடுவாள். மூன்று நாளில் நான் அவளிடமிருந்து எடுத்ததை ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பத்து வருடம் கழித்து எவனாவது ஒருவன் அந்தப் பச்சைப் பொட்டுத் தவளையைப் பற்றிக் கேட்பான். அன்றைக்கு அவள் பக்கத்தில் பேராசிரியரும் இருக்கமாட்டார், நானும் இருக்கமாட்டேன்.

“அடையாளத்துக்கு” என்றேன். “அது காது என்று எனக்குத் தெரியாது.”

அந்த அம்மா வித்யாவைப் பார்த்தார். வித்யா கணினியை மூடினாள். “அவர் சொல்றதுதான் சரி” என்றாள்.

அடுத்த மழைக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது, ஆய்வு விலங்குகளின் மேல் அனுமதியின்றி அழகுப் பொருள்களை ஒட்டியதற்கு விளக்கம் கேட்டு. டைப் அடித்தவர் படா பாபு. அதற்குப் பதிலையும் அவரே டைப் அடித்துக் கொடுத்தார். இரண்டிலும் எழுத்துப் பிழை கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். பேராசிரியர் வகுப்பில், அடையாளம் இடும் வேலையைப் படிக்காதவர்களிடம் விடக் கூடாது என்று இன்றும் என்னை உதாரணமாகச் சொல்கிறாராம். அடையாளத்தைப் பார்க்கும் வேலையை யாரிடம் விடலாம் என்று சொல்வதாகத் தெரியவில்லை.

வித்யா பல மாதம் என்னோடு பேசவில்லை. ஜனக்புரியில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் நடத்தப் போனாள். மழை தொடங்கியதும் வந்தாள். “காது எதுன்னு காட்டுங்க” என்றாள். தொட்டுக் காட்டினேன். அதன் பிறகே பசையைக் கையில் கொடுத்தாள். வலக்காது அடைத்தவை, இடக்காது அடைத்தவை, இரண்டும் அடைத்தவை, ஒன்றும் அடைக்காதவை என்று பிரித்து ஓட விட்டோம். அடையாளத்துக்கு முதுகுப் பருக்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள், ஒரு தவளைக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இராது. வலம் அடைத்தவை இடம் போயின, இடம் அடைத்தவை வலம் போயின, இரண்டும் அடைத்தவை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன, அடைக்காதவை நேராகப் போயின. இப்படித்தான் இருக்கும் என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்றார் பேராசிரியர்.

பட்டம் கிடைத்தது. பைண்டு செய்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் தவளை அறைக்கு வந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் பேராசிரியர், கமிட்டி, அப்பா, அம்மா எல்லோரும் இருந்தார்கள். நான் இல்லை. அதை மறைக்காமல் அவளே சொன்னாள். பிறகு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

“முதல் சீசன்ல அடையாளத்த காது மேல ஒட்டினாங்க. ஒட்டினவருக்கு அது காதுன்னு தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனால அந்த டேட்டா எதையும் எடுத்துக்கல.”

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தாள். புத்தகத்தை மூடினாள்.

“அந்த மூணு நாள மட்டும் நான் எழுதல அங்கிள்” என்றாள்.

அதை நான் இங்கே எழுதிவிட்டேன்.